யார் கிளறிய வரட்டி?

ஐரோலி
12 மே 2024

மன்னிக்கு அம்மிணி எழுதுவது. நமஸ்காரம்.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுளித்திருப்பீர்கள். பரவாயில்லை, படியுங்கள். போன வருஷம் உங்கள் பிள்ளை ஆதர்ஷ் கல்யாணத்தில் நமக்குள் வார்த்தை தடித்தபோது, "இனிமே உன்னோட பேசினா என் பேரு கனகம் இல்லே" என்றீர்கள். "நீங்க கூப்பிடாம செம்பூர் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நானும் சொன்னேன். இரண்டும் இன்றுவரை அமலில்தான் இருக்கின்றன. ஆனால் எழுத மாட்டேன் என்று யாரும் சபதம் செய்யவில்லையே? வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். அண்ணாவுக்கு போன் போட்டால், "உங்க ரெண்டு பேருக்கு நடுவிலே என்னை இழுக்காதே" என்று வைத்துவிடுகிறான். அம்மாவின் காதுக்கு போன் எட்டுவதில்லை. அதனால்தான் காகிதம்.

விஷயம் இதுதான். நேற்று கூரியரில் சக்கை வரட்டி வந்தது. எவர்சில்வர் சம்புடம் அம்மாவுடையது. உள்ளே இருந்தது அம்மாவுடையது இல்லை.

ஒரு வாய் போட்டதுமே நாக்கு சொல்லிவிட்டது. இனிப்பு ஏறவில்லை. பலாப்பழத்தின் புளிப்பு அடியில் நிற்கிறது, சுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நெய்யில் குற்றமில்லை, ஏலத்தில் குற்றமில்லை. பதமும் பிசகவில்லை, விரலில் ஒட்டாமல் அழகாக உருண்டது. அதுதான் என்னைக் குழப்புகிறது. கிளறியது பழகிய கை. ருசி பார்த்தது மட்டும் யாரோ தெரியாத ஆள்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடையில் வாங்கி அம்மாவின் சம்புடத்தில் அடைத்து அனுப்பிவிட்டீர்களோ என்று முதலில் தோன்றியது. அப்புறம், நீங்களே கிளறியிருப்பீர்களோ என்று. அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லி அம்மா கையிலிருந்து வெல்லத்தைப் பிடுங்கி வைத்துவிட்டீர்களோ என்றும் தோன்றியது. சாயங்காலம் ஆக ஆக வேறொன்று தோன்றுகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்துவிட்டாள். அது எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் வழக்கம்போல வரட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

வரட்டி எக்கேடும் கெடட்டும். அம்மா எப்படி இருக்கிறாள்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அம்மிணி

இதை அம்மாவின் வலது காதருகில் உட்கார்ந்து படித்துக் காட்டவும். விட்டுவிட்டுப் படிக்காமல் முழுவதும்.


செம்பூர்
17 மே 2024

அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ நம்பப் போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

என் தங்கை, தம்பி, சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "பாலக்காட்டு ஆத்துக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷமாச்சு, மன்னிக்கு இன்னும் ஒரு சக்கை வெட்டத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தவள் நீ. அதே மன்னி ஒரு முழுப் பழத்தை வெட்டி, சுளை உரித்து, நாள் பூராவும் கிளறி உன்னை ஏமாற்றிவிட்டாள் என்று எழுதுகிறவளும் நீயே. ஏதாவது ஒரு பேச்சில் நில்.

நான் தஞ்சாவூர்க்காரி. பலாப்பழ வாசனை எனக்குக் குமட்டும். வரட்டி கிளறும் நாளில் காலையிலேயே சயானில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, வாசனை அடங்கிய பிறகுதான் திரும்புவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம், உனக்கும் தெரியும். இந்த வருஷமும் போனேன். நான் திரும்பி வந்தபோது வரட்டி சம்புடத்தில் இருந்தது. கிளறியது அம்மாதான், வேறு பிசாசு எதுவும் வந்து கிளறவில்லை. உன் அண்ணா சாட்சி.

வெல்லத்தை நான் ஏன் பிடுங்க வேண்டும்? உன் அண்ணா வரட்டியைத் தொடுவதே இல்லை. ஆதர்ஷ் புனேயில் இருக்கிறான். இந்த வீட்டில் அதைத் தின்ன ஆளே கிடையாது. உனக்காகத்தான் முட்டி வலியோடு நின்று கிளறினார். அதற்கு நீ செய்யும் மரியாதை இது.

இப்போது என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள். உன் பெண் சாதனா இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டிருக்கிறாளாமே? கண்ணாடி பாட்டில், கழுத்தில் ஒரு துணி, அதன் மேல் "பாட்டி ஜாம், விரைவில்" என்று. என் மாட்டுப்பெண் காட்டினாள். வரட்டியை ஜாம் என்று சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது என்பது இருக்கட்டும். இதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செய்முறை வேண்டும், செய்து காட்ட ஆள் வேண்டும். அம்மாவை இங்கே சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று கிளப்பிவிட்டு, ஐரோலிக்குக் கூட்டிப் போய் உங்கள் அடுப்படியில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். மாட்டுங்கா கோயிலில் விசாலம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமியாரை நன்னா பார்த்துக்கோடிம்மா" என்றாள். அவள் காதில் யார் ஓதியது?

வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்ததும் சும்மா இல்லை. நான் ஒன்று எழுதினால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சித்திகள் எல்லோருக்கும் அனுப்புகிறாய். நீ காகிதத்துக்கு வந்தது நல்லதுதான்.

உன் கடிதத்தை நான் அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டும்படியாகவா எழுதியிருக்கிறாய்? அவரோ தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அம்மிணி என்ன சொன்னா? வரட்டி எப்படி இருந்ததாம்?" "சாப்ட்டாளாம்" என்று கத்திச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. "சாப்ட்டா சரிடி. எப்படி இருந்ததுன்னா?" என்கிறார். ஏன் இப்படித் துளைக்கிறார் என்று புரியவில்லை. நீதான் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

கனகம்


ஐரோலி
23 மே 2024

மன்னிக்கு,

சம்புடத்தின் ஓரத்தில் பூஞ்சை கட்டிவிட்டது. அம்மாவின் வரட்டி அடுத்த சக்கைக்காலம் வரை மேடையிலேயே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வெல்லம் வேண்டிய மட்டும் விழுந்தால் பூஞ்சை கிட்டவே வராது. இது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் நாம் பழம் வாங்கும் ஷாகுல் ஹமீது பாயைப் போய்ப் பார்த்தேன். "உங்க அண்ணன்தான் வந்து ரெண்டு பழம் வாங்கிட்டுப் போனாவ யக்கா. அம்மா இந்த வருசம் வரவேயில்ல. முன்னெல்லாம் அவுகதான தட்டிப் பாத்து எடுப்பாவ?" என்றார். அண்ணாவுக்குச் சக்கைக்கும் பூசணிக்கும் வித்தியாசம் தெரியுமா? அம்மா ஏன் போகவில்லை? இதற்கும் முட்டி வலி என்றுதான் எழுதுவீர்கள்.

அண்ணாவை வீடியோ காலில் காட்டச் சொல்லலாமே என்று சாதனா சொல்கிறாள். போனை எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம்தானே தெரியும்? பொங்கலுக்குக் காட்டியபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினாள். எழுந்து நிற்கவே இல்லை. அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

சாதனா விஷயம். ஆபீஸுக்குப் போன வருஷத்து வரட்டியைக் கொண்டுபோனாள், கூட வேலை செய்கிற பிள்ளைகள் நக்கித் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்றார்கள், இவளும் அசட்டுத்தனமாக வீடியோ போட்டுவிட்டாள். திட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன். செய்முறை வாங்கத்தான் நான் அலைகிறேன் என்கிறீர்களே, அம்மாவிடம் செய்முறை என்று ஒன்று இருந்தால்தானே? பழத்துக்குப் பழம் இனிப்பு வேறு. அதனால் வெல்லத்துக்கு அளவே கிடையாது.

அப்பா போன பிறகு வருஷா வருஷம் கிளறும் நாளில் என்னை வரச் சொல்லிவிடுவாள். நீங்கள் சயானுக்குப் போயிருப்பீர்கள். நான் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவேன். நடுநடுவே என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, "போறுமா?" என்பாள். நான் வேண்டுமென்றே "இன்னும் கொஞ்சம்" என்பேன். வெல்லத்தைப் போட்டுக் கிளறிவிட்டு மறுபடியும் வைப்பாள். பல் கட்டிக்கொண்ட இந்த வயசில் என்னைக் கைநீட்டித் தின்ன வைத்து அம்மா கொஞ்சுகிற ஒரே நாள் அது. அதற்காகவே நான் ஓடி வருவேன்.

இந்த வருஷம் யார் உள்ளங்கையில் வைத்தாள் மன்னி? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மிணி


செம்பூர்
28 மே 2024

அம்மிணிக்கு,

ஷாகுல் ஹமீது பாய் என்னிடமும் சொன்னார், நீ வந்து குறுக்கு விசாரணை செய்ததை. போதாததற்கு சனிக்கிழமை உன் பெண்ணை அனுப்பினாய். "சும்மா பாட்டியைப் பார்க்க வந்தேன் மாமி" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். காப்பி கலக்க நான் உள்ளே போன நேரத்தில் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையையும் போட்டோ எடுத்திருக்கிறாள். உன் அண்ணா பார்த்துவிட்டார். அவர் வாய் திறந்து என்னிடம் ஒரு புகார் சொன்னது இதுதான் முதல் தடவை. அடுத்தது என்ன, போலீஸா?

அம்மா தானே குளிக்கிறார், தானே தலை பின்னிக்கொள்கிறார், தட்டில் நான் வைக்கும் காயில் குற்றம் கண்டுபிடிக்கிறார். போதுமா? லிஃப்ட் ரிப்பேர். முட்டியை வைத்துக்கொண்டு படி இறங்கி மாட்டுங்கா வரை போய்ப் பழத்தைத் தட்ட அவரால் முடியாது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். இரண்டாவது பழம் பால்கனியில் கோணிக்குள் இருக்கிறது. மணம் வர ஆரம்பித்துவிட்டது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் துணி உலர்த்தப் போகிறேன். மேல் வீட்டுக்காரர்கள் சொசைட்டி செக்ரட்டரியிடம் முறையிட்டுவிட்டார்கள். "எப்போம்மா வெட்டப் போறேள்?" என்று அம்மாவிடம் கேட்டால், "அம்மிணி வரட்டும்" என்கிறார். "அவ எதுக்கு? போன பழத்தை அவ இல்லாம கிளறலையா?" என்றேன். "அதான் பார்த்தேனே" என்றார்.

எதைப் பார்த்தார்? பழத்தை வெட்ட உன் அண்ணா இருக்கிறார். கிளறத் தெரிந்தவர் அம்மாவே. நீ முக்காலியில் உட்கார்ந்து வம்பு பேசாவிட்டால் வரட்டி இறுகாதா? உங்கள் இருவருக்கும் நடுவில் எனக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை இந்த வீட்டில் விருந்தாளியாக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. என்னவென்று எழுது.

கனகம்


ஐரோலி
30 மே 2024

மன்னிக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ரகசியமும் இல்லை. இருந்தால் இத்தனை நேரம் உங்களிடம் பீற்றிக்கொண்டிருப்பேன்.

"அம்மிணி வரட்டும்" என்று அம்மா சொல்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அம்மா யாரையும் இப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "வேலையை விட்டுட்டு வராதே" என்று சொன்னவள். ஏதோ ஒன்று அவளுக்குத் தாங்கவில்லை, உங்களிடம் சொல்ல முடியவில்லை. எனக்கு வேறு அர்த்தம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்ஸியோடு வருகிறேன். படி ஏற மாட்டேன், கீழேயே நிற்பேன். நாலு புடவையும் மாத்திரை டப்பாவும் எடுத்துக் கொடுத்து அம்மாவை இறக்கி அனுப்புங்கள். லிஃப்ட் இல்லாவிட்டால் நாற்காலியில் வைத்து இறக்க ஆள் கூட்டி வருகிறேன். அனுப்பாவிட்டால் வாட்ச்மேன் சாய்நாத் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் சொசைட்டி முழுவதும் பார்க்கட்டும்.

இனிமேல் என் அம்மா என்னோடு இருப்பாள்.

அம்மிணி


செம்பூர்
1 ஜூன் 2024

அம்மிணிக்கு,

இதைக் கூரியரில் போட்டால் ஞாயிறுக்குள் வராது. உன் அண்ணாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் உள்ளே வர மாட்டார், கொடுத்துவிட்டு ஓடிவிடுவார். நீயும் எதுவும் கேட்காதே, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் கிழிக்கப் போனேன். அதற்குள் அதற்கு முந்தைய கடிதம் கண்ணில் பட்டது. உள்ளங்கையில் வைத்து "போறுமா?" என்று கேட்பார் என்று எழுதியிருந்தாயே, அது. முதல் தடவை படித்தபோது, மாமியாருக்குப் பெண்மேல் இருக்கும் செல்லம் என்று பொருமிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். வரட்டி கிளறும் நாளில் நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லையே, இப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். நேற்று மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க நம் இருவருக்கும் புத்தி போகவில்லை.

உன் அப்பா காரியம் முடிந்து நாங்கள் காசி, கயா போனோம் இல்லையா? கயாவில் அக்ஷயவடத்தடியில் ஆளுக்கு ஒரு காயும் ஒரு பழமும் ஆயுசுக்கும் விட வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். எனக்கு மனதுக்குள் ஒரே சந்தோஷம். பலாப்பழத்தை விட்டுவிடலாம், பிடிக்காததை விட்டதுபோலவும் ஆச்சு, இனி யாரும் தின்னச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பலாப்பழம்" என்று சொல்லிவிட்டார்.

வாத்தியாரே ஒரு நிமிஷம் தயங்கினார். "மாமி, நன்னா யோஜிச்சுச் சொல்லுங்கோ. பாலக்காட்டுக்காரா நீங்க. அப்புறம் மாத்த முடியாது" என்றார். "யோஜிச்சுத்தான் சொல்றேன். அவர் எனக்காக ஊர்லேர்ந்து தலையில தூக்கிண்டு வருவார். இனிமே யார் தூக்கிண்டு வரப்போறா?" என்றார் அம்மா. நான் கொய்யாப்பழத்தை விட்டேன்.

ரயிலில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணிக்குச் சொல்லாதே. பேரிக்காய்னு சொல்லிடு" என்றார். சரி என்றேன். சொன்ன வாக்கை நான் காப்பாற்றினேன். இன்று உடைக்கிறேன். உடைக்காவிட்டால் நீ டாக்ஸியோடு வந்து நிற்பாய்.

அவர் உன்னைக் கொஞ்சவில்லை அம்மிணி. உன் நாக்கை வைத்துத்தான் வெல்லம் போட்டிருக்கிறார். அப்பா போன பிறகு உங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு வரட்டியும் உன் நாக்கில் பதம் பார்த்தது. நீ விளையாட்டுக்கு "இன்னும் கொஞ்சம்" என்றாய், அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் நீ வரவில்லை. உன் அண்ணாவைக் குடைந்து குடைந்து கேட்டேன். பாதி கிளறிவிட்டு அம்மா உருளியை இறக்கி வைத்தாராம். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஏற்றி, குத்துமதிப்பாக வெல்லத்தைப் போட்டு முடித்தாராம். உன் அண்ணாவிடம் ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்டாராம். "நன்னா இருக்கு" என்றாராம் இவர். கல்யாணமான நாளாக எதைப் போட்டாலும் அவரிடமிருந்து நான் கேட்கிற வார்த்தையும் அது ஒன்றுதான். அம்மா நம்புவாரா?

அதனால்தான் உனக்கு அனுப்பினார். தின்பதற்கு இல்லை, தின்று பார்த்துச் சொல்வதற்கு. "எப்படி இருந்ததாம்?" என்று தினமும் அவர் கேட்டது அதற்காகத்தான். நீ சம்புடத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சந்தேகம் சந்தேகமாக எழுதினாய். அவருக்கு ஒரு வார்த்தை, "வெல்லம் போறாதும்மா" என்று எழுதவில்லை. எழுதியிருந்தாய், நான்தான் படித்துக் காட்டவில்லை. சரி, அதை விடு.

இன்று காலை அவர் காதருகில் போய், "ஏம்மா அம்மிணிக்குச் சொல்லக் கூடாதுன்னேள்?" என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகராமல் நின்றேன். அப்புறம் சொன்னார். "தெரிஞ்சா அவ வரட்டி வேண்டாம்பா. வரட்டி வேண்டாம்னா, என்னத்துக்குடி இவ்வளவு தூரம் வரப்போறா?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா பழத்தை வெட்டுகிறார். நான் வழக்கம்போலக் காலையிலேயே சயானுக்குப் போகிறேன். கதவைத் தாழ் போடாமல் சாத்திவிட்டுப் போவேன். உன்னைக் கூப்பிடவில்லை. நான் இல்லாத வீட்டுக்கு நான் எப்படிக் கூப்பிட முடியும்?

உனக்குத் தெரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. காட்டினால் ஆயுசுக்கும் உனக்கு எழுத மாட்டேன்.

கனகம்


ஐரோலி
3 ஜூன் 2024

மன்னிக்கு அம்மிணி அநேக நமஸ்காரம்.

நேற்று டாக்ஸியைக் கீழேயே அனுப்பிவிட்டுப் படி ஏறினேன். கதவு நீங்கள் சொன்னபடி சாத்தியிருந்தது. அண்ணா என்னைப் பார்த்ததும் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். அம்மா கையெல்லாம் எண்ணெயோடு சுளை உரித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா, அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கோ" என்றாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டி வலி நிஜம்தான், நின்றால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். மற்றபடி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. உங்கள்மேல் எழுப்பிய சந்தேகங்களை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவை ஐரோலிக்குக் கூட்டிப் போகும் பேச்சையும்தான்.

ஆனால் இப்போது சந்தேகப்படுவது அம்மா. நான் வழக்கம்போல வம்பு பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கரண்டியைப் பிடித்தபடியே, "கனகம் உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றாள். "மன்னிதான் என்னோட பேசறதே இல்லையேம்மா" என்று காதில் கத்தினேன். அது பொய் இல்லையே. கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கிளற ஆரம்பித்தாள்.

நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. காட்டிக்கொள்ளக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பழம் வெந்து நிறம் மாறியது, வெல்லத்தைப் போட்டாள், நெய்யை விட்டாள். என் கையைப் பிடித்து உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாள். "போறுமா?" என்றாள்.

இத்தனை வருஷமும் நான் கையில் இருந்த வரட்டியைத்தான் பார்த்திருக்கிறேன் மன்னி. நேற்றுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல மெல்ல அவள் தாடையும் கூடவே அசைந்தது. நான் விழுங்கியபோது அவளும் விழுங்கினாள். அவள் வாயில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு அடக்கியும் முடியவில்லை, கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. அம்மா பயந்துபோய்க் கரண்டியை விட்டுவிட்டாள்.

"என்னடி, அத்தனை மோசமாவா இருக்கு?" என்றாள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் வெல்லம்" என்றேன். போட்டுக் கிளறி மறுபடியும் வைத்தாள். எனக்கு நாக்கில் எந்த ருசியும் ஏறவில்லை. மறுபடியும் "இன்னும் கொஞ்சம்" என்றேன். அவளும் சளைக்காமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சம்புடம் உங்கள் சமையலறை மேடையில் இருக்கிறது. ஆதர்ஷ் வந்தால் கொடுங்கள். திகட்டும். திகட்டுகிறது என்று அவன் சொன்னால் எனக்கு எழுதுங்கள், அம்மா காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அம்மிணி